நெற்கமக்காரர் வீட்டு உணவு: சோற்றோடு சேர வேண்டியவை

நெல்வயலுக்கு யூரியாவை மாத்திரம் தாராளமாக இட்டு, பொசுபரசையும் பொட்டாசியத்தையும் மறந்துவிடும் கமக்காரர், பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்பதைக் கண்டு சில கிழமைகள் மகிழ்வார். கதிர் முற்றும் காலத்தில் அதே பயிர் சாய்ந்து விழும். கபிலநிறத் தத்தி அதனை நாடும். நெல்லும் எதிர்பார்த்த நிறையைத் தராது. ஒரு சத்துக் குறைந்தவிடத்து மற்றைய சத்துக்களை எவ்வளவு கூட்டினாலும், விளைவு அந்தக் குறைந்த சத்தின் அளவிலேயே நின்றுவிடும். கமத்தொழில் செய்வோர் அனைவரும் அறிந்த இந்த உண்மை வயல் வரம்போடு நின்றுவிடுவதன்று. வயலிலிருந்து வீடு திரும்பியபின் உண்ணும் உணவுக்கும் அது பொருந்தும்.

வன்னியிலும், மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலும் நெற்செய்கையாளர் வீடுகளில் மதிய உணவைப் பார்த்தால், கோப்பையின் முக்காற்பங்கு சோறாகவும், எஞ்சிய இடத்தில் ஒரு மரக்கறியும் சொதியுமாக இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். சில நாள்களில் கருவாடு சேரும். பருப்புச் சமைக்கும் நாளிலும் அது தண்ணீராய் ஓடும் அளவுக்கே கரைத்து வைக்கப்படும். இதற்கு வறுமை மாத்திரம் காரணமன்று. பயற்றையும் உழுந்தையும் கௌபீயையும் விளைவித்த வீட்டிலேயே இவ்வாறு நடப்பதுண்டு. விளைந்த பயறு முழுவதும் சாக்கிற் கட்டி வியாபாரிக்கு ஏற்றப்படும். வீட்டில் இட்ட முட்டை கடைக்குப் போகும். அப்பணத்தில் சீனியும் விசுக்கோத்தும் வீட்டுக்கு வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நட்டமடைவது யார் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

மூன்று சத்துக்களும் அவற்றின் தொழிலும்

உணவில் உடலுக்குச் சத்தி தருவன மாப்பொருள் முதலான காபோவைதரேற்றுக்கள், புரதம், கொழுப்பு என்னும் மூன்றுமாம். காபோவைதரேற்று ஒரு கிராம் 4 கிலோகலோரி சத்தியைத் தரும். புரதமும் அவ்வளவே தரும்; ஆயினும் அதன் முதன்மையான தொழில் தசையையும் குருதியையும் கட்டியெழுப்புவதாகும். கொழுப்பு ஒரு கிராம் 9 கிலோகலோரி தரும். விற்றமின் ஏ போன்ற சில விற்றமின்களைக் குடல் உறிஞ்சுவதற்கும் கொழுப்பு வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாளொன்றுக்குப் பெறும் சத்தியில் 55 முதல் 75 வீதம் காபோவைதரேற்றிலிருந்தும், 15 முதல் 30 வீதம் கொழுப்பிலிருந்தும், 10 முதல் 15 வீதம் புரதத்திலிருந்தும் கிடைத்தல் நன்று. வீதக் கணக்கை அடுப்படியிற் செய்துகொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. கோப்பையில் எது மிஞ்சியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதைக் கண்ணாற் பார்த்து அறிந்தாற் போதும்.

சோற்றிலுள்ள புரதம்

அரிசியைப் புரதமே இல்லாத உணவென்று சிலர் கூறுவது தவறு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. வயலில் உழைக்கும் ஒருவர் நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசிச் சோறு உண்பாராயின் அதிலிருந்தே 35 கிராம் புரதத்தைப் பெறுகிறார். வளர்ந்தவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எனவே 60 கிலோ நிறையுள்ளவருக்கு 50 கிராம் தேவை. கறிகளிலிருந்து மீதி 15 கிராம் வந்துவிடும், குறையொன்றுமில்லை என்று தோன்றும்.

ஆனால் புரதம் என்பது ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் பல சேர்ந்து ஆனது அது. அவற்றுட் சில உடலால் ஆக்கிக்கொள்ள முடியாதவை, உணவிலிருந்தே வரவேண்டும். அவ்வாறானவற்றுள் இலைசீன் என்பது ஒன்று. உண்ணும் புரதம் 100 கிராமில் 4.5 கிராம் இலைசீன் இருத்தல் வேண்டும். அரிசிப் புரதத்தில் அது ஏறக்குறைய மூன்றரைக் கிராமே உண்டு. வயலிற் பொட்டாசியம் குறைந்தாற்போல இங்கு இலைசீன் குறைந்துவிடுகிறது. ஆதலால் அரிசியின் மற்றைய அமினோ அமிலங்களும் முழுப்பயன் தராமற் போகின்றன.

பயறு, உழுந்து, கௌபீ, கடலை, துவரை ஆகியவற்றின் புரதத்திலோ இலைசீன் நிறைய உண்டு. பயற்றம் புரதத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம். அவற்றிற் குறைவாயிருப்பது மெதியோனீன் என்னும் வேறொரு அமிலம். அது அரிசியில் வேண்டிய அளவு இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், மூன்று அல்லது நான்கு பங்கு அரிசியோடு ஒரு பங்கு பருப்பினம் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியே தரும் பயனிலும் மிகுந்த பயனைத் தரும். பாலும் மீனும் வாங்க இயலாத வீட்டிலும் இதனைச் செய்யலாம்.

இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷத் திட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததே. கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் சிகிச்சை நிலையங்களில் வழங்கப்படும் அம்மாவில் முதன்மையானவை சோளமும் சோயா அவரையுமாம். தானியமொன்றும் அவரையினமொன்றும் ஒன்றுசேர்வதே அதன் சூத்திரம். தாய்க்கென்றும் பிள்ளைக்கென்றும் கொடுக்கப்படும் அப்பொதியை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்து உண்டுவிடுவது பல இடங்களிற் காணப்படும் வழக்கம். அதனால் எவருக்கும் பயன் கிட்டாது.

சிறுபிள்ளையின் வயிறு

வளர்ந்தவர் சோற்றைக் கூட்டி உண்டு ஒருவாறு சமாளிக்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது இயலாது. அப்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 கிலோகலோரி சத்தி வேண்டும். 100 கிராம் சோறு 130 கிலோகலோரியே தரும். ஏனெனில் சோற்றில் பெரும்பகுதி நீராகும். சோற்றால் மாத்திரம் அத்தேவையை நிறைவு செய்வதாயின் அப்பிள்ளை ஒரு நாளில் 900 கிராமுக்கு மேற்பட்ட சோற்றை உண்ண வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையின் வயிறு அதற்கு இடங்கொடாது. கஞ்சியாயின் நிலைமை இன்னும் மோசம். பிள்ளை வயிறு நிறைய உண்டு, போதும் என்று எழுந்துவிடும், தாயும் திருப்தியடைவாள். ஆயினும் மாதந்தோறும் நிறை பார்க்கும்போது சுட்டியிலுள்ள கோடு மேலேறாமற் படுத்துக் கிடக்கும். வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்திலேயே தெளிவாகக் காணலாம்.

இதற்குப் பரிகாரம் சோற்றைத் திணிப்பதன்று. ஒவ்வொரு கவளத்தின் சத்தையும் கூட்டுவதே. சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 45 கிலோகலோரி கூடும். ஏறக்குறைய 35 கிராம் சோற்றை உண்டாற் கிடைக்கும் சத்தி அது. கட்டியாக அவித்த பருப்பையும் ஓர் அரை முட்டையையும் அதனோடு பிசைந்து கொடுத்தாற் புரதமும் கூடிவிடும். ஆறு மாதம் நிறைந்து, தாய்ப்பாலோடு வேறுணவு தொடங்கும் குழந்தைக்கும் அரிசியையும் தோல் நீக்கிய பயற்றையும் குழைய அவித்து மசித்து ஊட்டலாம். வெறுஞ்சோற்றை இரசத்திற் கரைத்து ஊட்டும் பழக்கத்தை மாத்திரம் விட்டுவிட வேண்டும்.

இப்படிப்பட்ட உணவை முன்னோர் அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. பெண்பிள்ளை பருவமடைந்தவுடன் உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நெடுநாள் வழக்கம். களியிற் சேரும் அரிசிமாவும் உழுத்தம்மாவும் சேர்ந்து நிறைவான புரதத்தைத் தருகின்றன. நல்லெண்ணெய் கொழுப்பைத் தருகிறது. முட்டை எல்லாவற்றையும் தருகிறது. (முட்டையைப் பச்சையாகக் குடிப்பதைத் தவிர்த்து அவித்துக் கொடுப்பது நன்று. பச்சை முட்டையாற் கிருமித் தொற்று உண்டாகலாம்; அவித்த முட்டையின் புரதம் இலகுவிற் சமிக்கவுஞ் செய்யும்.) ஆனால் சடங்கு முடிந்தவுடன் களியும் முடிந்துவிடுகிறது. அப்பெண்பிள்ளை வளர்ந்துகொண்டேயிருக்கிறாள், மாதந்தோறும் குருதியை இழக்கிறாள், ஆயினும் அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குக் கிடைப்பது சோறும் சொதியுமே. கிழமைக்கு இருமுறையாவது உழுத்தம்மாப் பிட்டோ களியோ அவளுக்கும், கருவுற்றிருக்கும் தாய்க்கும் கிடைக்குமாயின் அவ்வழக்கம் உண்மையான பயனைத் தரும். மேலும், எல்லாரும் உண்டு முடிந்தபின் சட்டியில் எஞ்சியதை உண்ணும் தாய்க்குப் பெரும்பாலும் எஞ்சுவது சோறே. மீனும் பருப்பும் முன்னரே தீர்ந்துவிடும். கறியைப் பங்கிடும்போதே தாய்க்குரியதை எடுத்து மூடிவைத்தல் வேண்டும்.

ஒடியற்கூழையும் இங்கு நினைவுகூரலாம். ஒடியல்மாவும் பலாக்கொட்டையும் மாப்பொருளைத் தர, மீனும் நண்டும் இறாலும் புரதத்தைத் தர, பயற்றங்காயும் இலைவகைகளும் சேர்ந்து ஒரே பானையிற் கொதிக்கும் அவ்வுணவைப் போசணை நூல் கற்றவர் ஒருவர் புதிதாக வகுத்திருந்தாலும் வேறு விதமாக வகுத்திருக்க மாட்டார்.

கொழுப்பைப் பற்றி

கொழுப்பு என்றவுடன் அஞ்சுவோர் உளர். எண்ணெயில்லாமல் உணவே இல்லை என்போரும் உளர். கமக்காரர் வீடுகளில் ஒரே வீட்டில் இருசாராரும் இருப்பதுண்டு.

பெரும்பாலான இலங்கை வீடுகளிற் கொழுப்பின் முதலிடம் தேங்காய். தேங்காயின் பருப்பில் மூன்றிலொரு பங்கு கொழுப்பாகும். அக்கொழுப்பின் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பாதலால், அதனை மாத்திரம் நம்பியிராது எள்ளையும் நிலக்கடலையையும் இடையிடையே சேர்ப்பது நன்று. நிலக்கடலையிற் கொழுப்போடு புரதமும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 25 கிராம் உண்டு. பிள்ளைக்கு விசுக்கோத்துப் பொதி வாங்கும் காசுக்கு வறுத்த கடலையோ எள்ளுருண்டையோ கொடுக்கலாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்குமாதலால் இடித்தே கொடுக்க வேண்டும்.

முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி ஆகியவற்றைத் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்குவதும் சம்பலாக்குவதும் பொருத்தமான முறையே. இவ்விலைகளில் விற்றமின் ஏ ஆக மாறும் பொருளைக் குடல் உறிஞ்சுவதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ அதனைத் தருகிறது. பொரித்த எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பச் சூடாக்குவதை மாத்திரம் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

உழைப்புக் குறைந்தபின் சோறு

அரிவாள் கொண்டு அரிவு வெட்டி, உப்பட்டி சுமந்து, மாடு விட்டுச் சூடடித்த காலத்தில் ஒருவர் மூன்று வேளையும் குவியலாகச் சோறு உண்டதிற் குற்றமில்லை. அவ்வளவும் உழைப்பிற் செலவாயிற்று. இன்று உழுவது உழவு இயந்திரம். வெட்டித் தூற்றித் தருவது அறுவடை இயந்திரம். கமக்காரர் வரம்பில் நின்று பார்க்கிறார். வயலுக்கு மோட்டார் சைக்கிளிற் சென்று வருகிறார். ஆயினும் சோற்றுக் குவியல் மாத்திரம் குறையவில்லை. செலவாகாத மாப்பொருள் உடலிற் கொழுப்பாகவே சேரும். நீரிழிவு நகரத்தாரின் நோய் என்று கருதிய காலம் போய்விட்டது. கிராமத்துச் சிகிச்சை நிலையங்களிலும் அதற்காக வரிசையில் நிற்போரை இன்று காணலாம். நாற்பது வயதைக் கடந்து, உழைப்புக் குறைந்த கமக்காரர் சோற்றைக் கோப்பையின் பாதியளவுக்குக் குறைத்து, மற்றப் பாதியை மரக்கறி, இலைக்கறி, பருப்பு, மீன் என்பவற்றால் நிரப்புதல் வேண்டும். வீட்டிலேயே மரக்கறித் தோட்டம் உள்ளவர் இதற்கெனத் தனியாகச் செலவழிக்க வேண்டியதும் இல்லை; சந்தைக்கு ஒதுக்கும்போது முதற்பிடுங்கலில் ஒரு பங்கு அடுப்படிக்குப் போனாற் போதும்.

வயலிற் குடிக்கும் தேநீரையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 50 கிராம் சீனி உள்ளே போகிறது. 2,000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேலெல்லையே அவ்வளவுதான். மேலும், உணவோடும் உணவு முடிந்த கையோடும் தேநீர் குடித்தால் இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தேசிக்காய்ப் புளி விட்ட சம்பலோ ஒரு கொய்யாப்பழமோ உணவோடு சேருமாயின் இரும்பு நன்கு உறிஞ்சப்படும்.

அரிசியில் எதைத் தேர்வது என்பாருக்குத் தவிடு முற்றாக நீங்காத சிவப்புப் புழுங்கலரிசியே சிறந்தது எனலாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பீ 1 மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியிலோ அது தவிட்டோடு போய்விடும். யாவாத்தீவில் 1890ஆம் ஆண்டுகளில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதைக் கண்டு, பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிதிறந்த கிறித்தியான் எய்க்குமன் என்னும் ஒல்லாந்த மருத்துவருக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஒரு நாளைய உணவு

வயலில் வேலைசெய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 75 கிராம் பயறு அல்லது வேறு பருப்பினம், 75 கிராம் மீன் என வைத்துக்கொண்டால் முறையே 28, 18, 15 கிராம் புரதம் கிடைக்கும், கூட்டினால் 61. ஐவருள்ள வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காயும், ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கொழுப்புத் தேவையை நிறைவு செய்யும். காலையில் அவித்த கௌபீயும் தேங்காய்ப்பூவும், அல்லது பயறு கலந்த பாற்சோறு. மதியம் சோறு, கட்டிப் பருப்பு, மீன், இலைவறை, ஒரு காய்க்கறி. இரவில் குரக்கன்மாப் பிட்டோ இடியப்பமோ, முட்டைச் சொதியோடு. இதில் வாங்கவேண்டியது மீன் ஒன்றே. குளத்தை அண்டியிருப்போருக்கு அதுவும் எளிது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா, கடல்மீனைப் போலவே புரதம் மிக்கது. குளத்து மீனென்று அதனை இகழ்வது காரணமற்றது. நெத்தலிக் கருவாடு நிறையில் பாதிக்கு மேற் புரதமாகும். முள்ளோடு உண்ணப்படுவதால் கல்சியமும் தரும். உப்பு மிகுதியாதலால் நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும். சோயா அவரையிற் புரதம் 36 வீதத்துக்கு மேல் உண்டு. அதனை நன்றாக அவித்தே உண்ணவேண்டும், அரைவேக்காட்டிற் புரதம் சமியாது.

கால் ஏக்கர்ப் பயறு

மைசூர்ப் பருப்பு இலங்கையில் விளைவதன்று. முழுவதும் வெளிநாடுகளிலிருந்து வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை ஏறியபோது, அதனையே நம்பியிருந்த வீடுகளில் முதலில் நின்றது பருப்புக்கறிதான். பயறோ கமக்காரரின் சொந்த நிலத்தில் 60 முதல் 65 நாளில் விளைவது.

ஐவருள்ள குடும்பத்திற்கு, சிறியோரையும் பெரியோரையும் சேர்த்து, ஆளொருவருக்கு நாளுக்கு 50 கிராம் எனக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 90 கிலோ வேண்டும். கெக்டயருக்கு 1,000 கிலோ விளையும் நல்ல செய்கையில் கால் ஏக்கர் 100 கிலோ தரும். மழையும் பராமரிப்பும் குறைந்தவிடத்து அரை ஏக்கர் ஒதுக்கலாம். பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்பிற்கும் இடையில் வயல் வெறுமையாய்க் கிடக்கும் நாள்களில், மண்ணில் எஞ்சிய ஈரத்தோடும் ஓரிரு முறை நீர்ப்பாய்ச்சலோடும் இதனைச் செய்துவிட முடியும். மகா இலுப்பள்ளமையில் உருவாக்கப்பட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 ஆகிய இனங்கள் இதற்கு ஏற்றவை. கால் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். நீர் தேங்கினால் பயறு அழுகுமாதலால் வடிகால் அவசியம். காய் பறித்தபின் செடியை மடக்கி உழுதுவிட்டால், வேர்முடிச்சிலுள்ள நைதரசனும் சிறுபோக நெல்லுக்கு உதவும்.

வியாபாரி வருமுன்னரே வீட்டுப் பங்கை அளந்து எடுத்துவிடுதல் வேண்டும். சாக்கு ஏறியபின் எடுப்பது நடவாது. எடுத்த பயற்றை நான்கைந்து நாள் நல்ல வெயிலிற் காயவைத்து, பல்லாற் கடித்தால் ‘டக்’ என உடையும் பதத்திற்கு வந்தபின் ஆறவிட வேண்டும். பின்னர் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு எல்லா மணியிலும் படும்படி பிசறி, காற்றுப் புகாத போத்தலிலோ மூடியிறுகிய பிளாத்திக்குக் கலத்திலோ அடைத்தால் பயற்று வண்டு முட்டையிட்டுப் பெருகாது. கலத்தைத் திறந்து எடுக்கும்போதெல்லாம் உலர்ந்த அகப்பையால் எடுத்து, உடனே மூடிவிட வேண்டும்.